ஆறாத புண்ணும் காசநோயும்

காசநோய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இருமலும், சளியும், மெலிந்த உடலுமே ஆகும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை இன்று கிராமங்களிலும் பலர் அறிந்திருக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் இந்நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. நிணநீர்க் கழலைகளிலும், எலும்பிலும், மூட்டுகளிலும், குடலிலும், தோலிலும்கூட இது தோன்றக்கூடும் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

தோலில் தோன்றும் காசநோய்க்கு இருமல் இல்லை. பெரும்பாலும் காய்ச்சல் இல்லை. வலியும் மிகுதியாக இல்லை. ஆகவே, இந்நோய் கண்ட குடியானவர் வயல் வேலையை நிறுத்துவதில்லை. புண்ணுக்கு மருந்து மாற்றி மருந்து போட்டுக்கொண்டே மாதங்களையும், சில சமயங்களில் ஆண்டுகளையும் கழித்துவிடுகிறார். வலிக்காத புண்ணை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதுவே இந்நோய்க்கு வாய்ப்பாகிவிடுகிறது.

காசநோய் கண்டவர்களுள் மிகச் சிறிய பகுதியினருக்கே தோலில் அது தோன்றுகிறது. அவ்வாறாயின் இதனைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ள வேண்டுவது ஏன் என்று கேட்கலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, தக்க காலத்தில் கண்டுபிடித்தால் ஆறு மாத மருந்தில் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிவிடக்கூடிய இந்நோய், கவனியாது விடப்பட்டால் அழியாத தழும்பையும் அங்கக் குறைவையும் உண்டாக்கும். இரண்டாவது, தோலில் காணும் புண் பல சமயங்களில் உடலினுள்ளே மறைந்திருக்கும் நோயின் வெளி அடையாளமாகும். அதனை அறிந்துகொண்டால் நோயாளியை மட்டுமன்றி அவர் குடும்பத்தையும் காப்பாற்றலாம்.

நோயின் மூலம்

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்த செய்தியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் வெளியிட்டார். அந்நாளே உலகக் காசநோய் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. நுரையீரலைத் தாக்கும் இதே கிருமிதான் தோலையும் தாக்குகிறது.

இக்கிருமியின் இயல்பு ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரணக் கிருமிகளுள் பல, அரை மணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமி அவ்வாறு பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. நோய் மெல்ல வளர்வதற்கும், மருந்தை நெடுங்காலம் உண்ண வேண்டியிருப்பதற்கும் இதுவே முக்கிய காரணமாகும்.

கிருமி தோலை அடையும் வழிகள் மூன்று. முதல் வழியில், தோலுக்கு அடியிலுள்ள கழலையிலோ எலும்பிலோ மூட்டிலோ நோய் முற்றி, மேலே தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. இரண்டாவது வழியில், உடலினுள் வேறோர் இடத்திலுள்ள கிருமி இரத்தத்தின் மூலமாகவோ நிணநீரின் மூலமாகவோ தோலை அடைகிறது. மூன்றாவது வழியில், கீறல், சிராய்ப்பு, முள் குத்திய காயம் ஆகியவற்றின் வாயிலாகக் கிருமி வெளியிலிருந்து உட்புகுகிறது. நோய் கண்ட இடத்தையும் தோற்றத்தையும் கொண்டு, எவ்வழியில் வந்தது என்பதை டாக்டர்கள் ஓரளவு அறிந்துகொள்கின்றனர்.

கழுத்துக் கட்டியும் புரையோடிய புண்ணும்

நம் நாட்டுக் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படும் தோல் காசநோய் இதுவேயாகும். இதன் தொடக்கம் கழுத்தில் தோன்றும் நெறிகட்டி. கழுத்தின் பக்கங்களில் வரிசையாகக் கட்டிகள் எழுவதால் நம் முன்னோர் இதனைக் கண்டமாலை என்று வழங்கினர். அக்குள், தொடை இடுக்கு, மார்பெலும்பின் மேற்பகுதி ஆகிய இடங்களிலும் இது தோன்றலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுச் சிறுமியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழுகிறது. தொட்டால் சூடு இல்லை. அழுத்தினால் வலி இல்லை. ‘சளி பிடித்ததால் நெறிகட்டியிருக்கிறது, தானே அமுங்கிவிடும்’ என்று தாய் எண்ணுகிறாள். இரண்டு மாதங்களில் கட்டி பெரிதாகி, இளகி, மேல்தோல் நீலம் பாய்ந்து மெலிகிறது. ஒரு நாள் அது தானே உடைந்து, நீர்த்த சீழ் வடிகிறது. உடைந்துவிட்டதே, இனி ஆறிவிடும் என்று வீட்டார் நிம்மதி கொள்கின்றனர். ஆனால் புண் ஆறுவதில்லை. அதன் விளிம்பு உட்புறம் குடைந்து, புரையோடி நிற்கிறது. ஒரு வாய் மூடினால் அருகே மற்றொரு வாய் திறக்கிறது. பள்ளியில் உடனிருக்கும் பிள்ளைகள் விலகி அமரத் தொடங்குகின்றனர். சிறுமி தாவணியால் கழுத்தை மூடிக்கொள்ளப் பழகுகிறாள்; பிறகு பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறாள்.

சாதாரணக் கட்டி சிவந்து, சூடேறி, வலித்துப் பழுக்கும். காசநோய்க் கட்டியில் இவை இல்லை. ஆகவே மருத்துவர்கள் இதனைக் குளிர்ந்த கட்டி என்பர். இத்தகைய கட்டியைக் கத்தியால் கீறிவிடுவது பெருந்தவறு. கீறிய இடமே ஆறாத புரையாகிவிடும். தேவைப்படும்போது டாக்டர் ஊசியின் மூலம் சீழை உறிஞ்சி எடுப்பார். அச்சீழே நோயை அறிவதற்கும் பயன்படும்.

கால்நடை வளர்ப்போர் அறிய வேண்டிய ஒன்றும் இங்கு உண்டு. மாடுகளுக்கும் காசநோய் உண்டு. நோயுற்ற பசுவின் பாலைக் காய்ச்சாமல் பருகினால் அக்கிருமி மனிதருக்கும் வரக்கூடும். கழுத்துக் கழலைகள் வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாகும். பாலை நன்கு பொங்கக் காய்ச்சிப் பருகும் நம் வழக்கம் நல்ல காப்பாகும். கறந்த பாலைச் சூடாறுமுன் அப்படியே பருகுவது வலிமை தரும் என்ற எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் பரவும் படை

பெரியவர்களிடம் அதிகமாகக் காணப்படும் வகை, லூப்பஸ் வல்காரிஸ் என்று மருத்துவ நூல்களில் வழங்கப்படுவது. இது செம்பழுப்பு நிறமான சிறு தடிப்பாகத் தொடங்கி, மிக மெதுவாகப் பரவும். இதன் சிறப்பான அடையாளம், ஒரு பக்கம் தழும்பாகி ஆறிக்கொண்டே மறுபக்கம் பரவிச் செல்வதாகும். ஐரோப்பிய நாடுகளில் இது பெரும்பாலும் முகத்தில் தோன்றிற்று. நம் நாட்டில் புட்டம், தொடை, கால் ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. மறைவான இடத்தில் இருப்பதால் பெண்கள் பிறரிடம் சொல்ல நாணி, பல ஆண்டுகள் இதனை மறைத்து வைத்துவிடுகின்றனர்.

மருந்துகள் இல்லாத காலத்தில் இந்நோய் மூக்கையும் காதையும் அரித்து முகத்தையே உருக்குலைத்தது. டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் செறிவான ஒளிக்கதிர்களை நோயுற்ற தோலின்மீது செலுத்தி இதனைக் குணப்படுத்த முயன்று வெற்றி கண்டார். அதற்காக 1903ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்நாளில் ஒரு நோயாளி மாதக்கணக்கில் விளக்கின் அடியில் கிடக்க வேண்டியிருந்தது. இன்று மாத்திரைகளே அவ்வேலையைச் செய்கின்றன.

பல்லாண்டுகள் ஆறாது கிடக்கும் இத்தகைய தழும்பில் சிலருக்குப் புற்றுநோயும் தோன்றக்கூடும். பழைய தடிப்பில் திடீரென்று சதை வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ சிறிதும் தாமதிக்கலாகாது.

பாதத்தில் எழும் சொரசொரப்பான தடிப்பு

வெறுங்காலுடன் நடப்போரின் பாதம், கணுக்கால், முழங்கால் ஆகிய இடங்களிலும், கையிலும் மருவைப் போன்ற சொரசொரப்பான தடிப்பு ஒன்று எழுவதுண்டு. காசநோயாளி துப்பிய சளி விழுந்த மண்ணில் வெறுங்காலுடன் நடக்கும்போது, காலிலுள்ள வெடிப்பின் வழியாகக் கிருமி புகுவதால் இது உண்டாகலாம். இறைச்சி வெட்டுவோர்க்கும், பிணப் பரிசோதனை செய்வோர்க்கும் கையில் இது வருவதுண்டு. கிராமத்தில் இதனை மரு என்றோ, ஆணி என்றோ, பழைய படை என்றோ எண்ணி விட்டுவிடுவார்கள். சிலர் அறுவாள் நுனியால் சீவியும் பார்ப்பார்கள். சீவச் சீவ அது மீண்டும் எழுமேயன்றி மறையாது. கோரையின் தலையை மட்டும் அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணுக்குள் விட்டுவைத்த கதைதான் அது.

நோய் ஓரிடம், அடையாளம் வேறிடம்

இன்னொரு வகையும் உண்டு. உடலினுள் எங்கோ காசநோய் இருக்கும். தோலிலோ கிருமி இராது. ஆயினும் அக்கிருமியை எதிர்த்து உடல் கொள்ளும் எழுச்சியினால் தோலில் அடையாளங்கள் தோன்றும். குழந்தைகளின் மார்பிலும் முதுகிலும் வேர்க்குருவைப் போன்று கூட்டங்கூட்டமாக எழும் சிறு பருக்கள் ஒரு வகை. நடுவயதுப் பெண்களின் கெண்டைக்கால் பின்புறத்தில் எழுந்து, உடைந்து, ஆறி, மீண்டும் எழும் கடினமான முடிச்சுகள் மற்றொரு வகை. இவற்றைக் கண்டால் டாக்டர் தோலோடு நிற்காமல், நுரையீரலையும் கழலைகளையும் பரிசோதிப்பார். ‘காலில் புண்ணுக்கு மார்பில் எக்ஸ்ரே எதற்கு?’ என்று நோயாளி வியப்பதுண்டு. காரணம் இதுவேயாகும்.

எவற்றோடு மயங்கக்கூடும்?

ஆறாத புண் எல்லாம் காசநோய் அன்று. வேறு பல நோய்களும் இதேபோன்று தோன்றும். அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்குக் கூறுவோம்.

தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குன்றியிருக்கும். சூடும் ஊசி முனையும் அங்கே சரியாகத் தெரியா. காசநோய்த் தடிப்பில் உணர்ச்சி மாறாது இருக்கும். காசநோய்ப் புண்ணைத் தொழுநோய் என்று தாமே முடிவு கட்டி ஒருவரை ஒதுக்கி வைப்பது இரட்டைத் தவறாகும். முதலில் அந்த முடிவே தவறு. தொழுநோயாகவே இருந்தாலும் அதுவும் மருந்தினால் குணமாகக் கூடியதே. ஒதுக்கி வைக்க வேண்டிய நோயன்று.

மதுரைக்கால் என்னும் நோய் நம் நாட்டு உழவர்க்கு அந்நியமானதன்று. 1842ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணிபுரிந்த டாக்டர் கில் என்பவர் இதனை விவரித்து எழுதியமையால் இப்பெயர் பெற்றது. இதிலும் கால் வீங்கிப் பல வாய்கள் திறந்து சீழ் வடியும். ஆனால் அச்சீழில் கறுப்பாகவோ வெண்மையாகவோ மஞ்சளாகவோ சிறு குருணைகள் காணப்படும். இதற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறானது.

படர்தாமரை அரிப்பெடுக்கும், வட்டமாகப் பரவும், அதற்குரிய மருந்தில் சில வாரங்களில் மறையும். நீரிழிவு உள்ளவர்களின் காற்புண்ணும், நாளம் புடைத்தவர்களின் காற்புண்ணும், தோல் புற்றுநோயும் ஆறாத புண்களே. இவற்றை எல்லாம் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கைதேர்ந்த டாக்டர்களுக்கே கடினம். ஆகவே, பெயர் வைப்பது நம் வேலையன்று. உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பதே நம் வேலை என்று கொள்ள வேண்டும்.

நோயை உறுதி செய்யும் முறை

தோல் காசநோயை உறுதி செய்வதற்கு முதன்மையான வழி, பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனையாகும். புண்ணின் ஓரத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மிளகு அளவு தோலை எடுத்து ஆராய்வார்கள். இதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். ‘சதையை வெட்டினால் நோய் பரவும்’ என்ற பேச்சுக்கு இந்நோயைப் பொறுத்தவரை ஆதாரமில்லை.

எடுத்த துணுக்கின் ஒரு பகுதியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பர். மற்றொரு பகுதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும், ட்ரூநாட் போன்ற மரபணுச் சோதனைக்கும் அனுப்புவர். மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் முடிவு தரும். மருந்துக்கு அடங்காத கிருமியா என்பதையும் கூறும். வளர்ப்புச் சோதனைக்கோ கிருமி மெல்ல வளர்வதால் பல வாரங்கள் ஆகும். தோலில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதால் இச்சோதனைகளில் கிருமி அகப்படாமலும் போகலாம். ‘கிருமி இல்லை’ என்று ஒரு சீட்டு வந்தவுடன் நோயே இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு கூறுவார்.

கழுத்துக் கட்டியாயின் நுண்ணிய ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்தாலே போதுமானதாக இருக்கும். முன்கையில் ஊசி போட்டு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குப் பின் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும் துணை செய்யும். ஆனால் அது, கிருமி உடலில் என்றேனும் புகுந்துள்ளதா என்பதை மட்டுமே சுட்டும். நோய் உண்டு என்று உறுதி கூறாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டு காசநோயை அறிவதாகச் சொல்லப்பட்ட சோதனைகள் நம்பத் தகாதவை என்று கண்டு, 2012ஆம் ஆண்டில் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. அத்தகைய சோதனைக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. மார்பு எக்ஸ்ரே, நீரிழிவுச் சோதனை, எச்.ஐ.வி. சோதனை ஆகியவற்றையும் செய்துகொள்வது அவசியமாகும்.

சிகிச்சை

தோல் காசநோய்க்குக் களிம்பு மருந்தன்று. உள்ளுக்கு உண்ணும் மாத்திரைகளே மருந்து. நுரையீரல் காசநோய்க்குக் கொடுக்கப்படும் அதே மருந்துகள்தாம் இதற்கும் கொடுக்கப்படுகின்றன. முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோநயாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்று. இவை ஒரே மாத்திரையில் சேர்க்கப்பட்டு, நோயாளியின் எடைக்கேற்ற எண்ணிக்கையில் நாள்தோறும் உண்ணத் தரப்படுகின்றன. எலும்பையும் நோய் தாக்கியிருந்தால் காலம் நீளும். அரசாங்க மருத்துவ நிலையங்களில் இம்மருந்துகளுக்குக் கட்டணம் இல்லை.

காசநோயாளியை ஊரை விட்டு அகற்றிச் சானடோரியத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்கருத்தை மாற்றியது நம் சென்னையே. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் இருந்தே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்றும், அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் 1959ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் காட்டின. உலக நாடுகள் பலவும் அம்முறையைப் பின்பற்றலாயின. தோலில் மட்டும் நோய் உள்ளவரிடமிருந்து பிறருக்கு அது தொற்றுவது மிக அரிது. ஆகவே அவருக்குத் தனித் தட்டும் தனித் திண்ணையும் வேண்டியதில்லை.

மருந்து தொடங்கிய நான்கு முதல் ஆறு வாரங்களில் புண் வற்றத் தொடங்குவதைக் காணலாம். அவ்வாறு காணப்படாவிடின், மருந்துக்கு அடங்காத கிருமியா, அன்றி வேறு நோயா என்று டாக்டர் மீண்டும் ஆராய்வார். சிலருக்குச் சிகிச்சையின் இடையே கழலை சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதனைக் கண்டு தாமே மருந்தை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரிபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தல், தொடர்ந்து வாந்தி, பார்வை மங்குதல், கால் எரிச்சல் ஆகியவை தோன்றினால் அன்றே டாக்டரைக் காண வேண்டும். இம்மருந்து குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகளின் ஆற்றலைக் குறைத்துவிடும். ஆகவே அதனை உண்ணும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் தெரிவித்து வேறு முறையைக் கேட்டறிய வேண்டும். நீரிழிவு முதலியவற்றிற்கு வேறு மருந்துகள் உண்பவர்களும் அவற்றைக் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது மாதத்தின் முடிவில் புண் பெரும்பாலும் ஆறிவிடும். ஆபத்து தொடங்குவதும் அப்பொழுதேயாகும். ‘புண்தான் ஆறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?’ என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். ஆடியில் விதைத்த சம்பாவைப் புரட்டாசியில் பச்சைப் பசேலென்று கண்டு, ‘பயிர் நன்றாக வந்துவிட்டது’ என்று தண்ணீரை நிறுத்தும் உழவர் உண்டா? தையில் அறுத்துக் களம் சேர்க்கும் வரை பயிரைக் காப்பது போன்றே ஆறாவது மாதத்தின் கடைசி மாத்திரை வரையில் சிகிச்சையைக் காக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் எஞ்சியுள்ள கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிவிடக்கூடும். பின்னர் வரும் சிகிச்சை கடினமானது. உடலுக்கும் துன்பம் மிகுந்தது.

செய்யத் தகாதவை

கட்டியின்மீது சூடு போடுதல், கள்ளிப்பாலோ சுண்ணாம்போ தடவுதல், பிளேடால் கீறுதல் ஆகியவை புண்ணை விரிவுபடுத்துமேயன்றி ஆற்றா. கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புகளுள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. அது முதலில் சிவப்பைக் குறைத்துக் குணமானது போலக் காட்டும். உள்ளே கிருமி வளர இடங்கொடுக்கும். நோயின் தோற்றத்தையும் மாற்றி, டாக்டர் கண்டறிவதையே கடினமாக்கிவிடும்.

குழந்தை பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி. குத்திய இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி எழுந்து, உடைந்து, வடுவாவது இயல்பானது. அது நோயன்று, அதன்மேல் எதுவும் தடவ வேண்டுவதில்லை. அக்குளில் பெரிய கட்டி எழுந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். குழந்தைகளுக்கு மூளையில் வரும் கொடிய காசநோயை இவ்வூசி பெருமளவு தடுக்கிறது. ஆகவே அதனைத் தவறவிடலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காசநோயற்ற பஞ்சாயத்துத் திட்டம் இந்திய அரசால் தொடங்கப்பட்டது. ஓராண்டில் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 30 பேரையேனும் பரிசோதித்திருத்தல், கண்ட நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேற்படாதிருத்தல் முதலியன இதற்கான அளவுகோல்களாக வைக்கப்பட்டன. இது நல்ல முயற்சியே. ஆனால் இரண்டு செய்திகளை அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு அழைக்கும்போது இருமுவோரை மட்டும் அழைத்தால், கழுத்தில் கட்டியும் காலில் புண்ணும் உடையோர் விடுபட்டுப் போவர். மேலும், பட்டியலில் எண்ணிக்கை கூடிவிடுமே என்று ஒரு நோயாளியையேனும் மறைத்துப் பெறும் சான்றிதழால் ஊருக்கு யாதொரு பயனும் இல்லை. கண்டுபிடித்த நோயாளி ஊரின் குறையல்லர்; கண்டுபிடிக்கப்படாதவரே ஊரின் குறை.

ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால், தனியார் டாக்டரேயானாலும் அதனை அரசாங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு முதல் விதியாகும். அவ்வாறு பதிவானோர்க்கு ஊட்டச்சத்து உணவுக்காக 2018ஆம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தோல் காசநோய் கண்டோர்க்கும் இவ்வுதவி உரியது. கணக்கு எண் தவறாயிருத்தல், கணக்கே இல்லாதிருத்தல் போன்ற சிறு காரணங்களால் இத்தொகை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்து அங்கத்தினர் எளிதில் செய்யக்கூடிய பேருதவியாகும்.

இவற்றோடு பஞ்சாயத்துக்கள் கீழ்க்கண்டவற்றையும் மேற்கொள்ளலாம்.

1. ஒரு மாதத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, இரண்டு வாரங்களுக்கு மேல் அமுங்காத கழுத்துக் கட்டியோ உடையவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல்.

2. பயாப்ஸி செய்யும் வசதி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும்தான் பெரும்பாலும் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து அங்குச் செல்ல இயலாதவர்களுக்குத் துணையாள் அமர்த்தியும், பிரயாணத்திற்கு உதவியும் அனுப்புதல்.

3. நோயாளியின் வீட்டிலுள்ள அனைவரையும், சிறப்பாகக் குழந்தைகளையும் இருமும் முதியோரையும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல். சிறுமியின் கழுத்துக் கட்டிக்குக் காரணமான கிருமி, திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டனாரிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.

4. பொது இடங்களில் துப்புவதைத் தடுத்தல். வயலிலும் தெருவிலும் செருப்பணியும் வழக்கத்தை வளர்த்தல்.

5. மூன்றாவது, நான்காவது மாதங்களில் நோயாளியை நேரில் கண்டு, மருந்தை விடாது உண்கின்றாரா என்று பரிவோடு விசாரித்தல்.

முடிவாக

முன்பு கூறிய சிறுமியை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். கட்டி நெல்லிக்காய் அளவில் இருந்தபோதே ஒருவர் அவள் தாயிடம், ‘இரண்டு வாரமாகியும் அமுங்கவில்லையே, ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துப் பார்த்துவிடுவோம்’ என்று கூறியிருந்தால், பெரும்பாலும் கட்டி உடைந்திருக்காது, தழும்பு விழுந்திருக்காது, பள்ளியும் நின்றிருக்காது. புண் உடைந்த பின்னர்க் கூறியிருந்தாலும் ஆறு மாதங்களில் அவள் குணமடைந்திருப்பாள். ஒரு தழும்பு மட்டும் எஞ்சியிருக்கும். அவ்வாறு கூறும் ஒருவர் ஊருக்கு ஊர் இருத்தல் வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினரைவிட அதற்குத் தகுதியானவர் வேறு யார்?

அடுத்த கிராம சபையில் பின்வரும் வினாக்களை எழுப்பி, விடை காண முயலுமாறு வேண்டுகிறோம். நம் ஊரில் ஆறாத புண்ணோடு இருப்பவர் எத்தனை பேர்? அவர்களுள் ஆஸ்பத்திரிக்குச் சென்று திசுப் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்? மருந்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தியவர் எவரேனும் உண்டா? அவரை மீண்டும் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பவர் யார்? கடைசி வினாவுக்கு ஒருவர் எழுந்து நின்று விடை கூறுவாராயின், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.